பெயர் போட்ட கிறிஸ்துமஸ் அலங்காரங்கள்: எதில் செய்தால் அடுத்த வருஷமும் இருக்கும்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வீட்டு மரத்தில் மாட்டவும், நெருங்கியவர்கள் பன்னிரண்டு பேருக்குப் பரிசாகக் கொடுக்கவும் அவரவர் பெயர் போட்டு ஏதாவது சின்னதாகக் கையால் செய்ய வேண்டும். கைவேலைப் பழக்கம் அதிகம் கிடையாது. போன வருஷம் உப்பும் மாவும் பிசைந்து நட்சத்திரங்கள் செய்தீர்கள். பாதி ஓவனில் உப்பிப்போயின, மீதி பெட்டிக்குள் நமுத்துப்போயின, மார்க்கரில் எழுதிய பெயர்கள் வார்னிஷ் அடித்ததும் கரைந்து ஓடின. அதனால் இந்த வருஷம் "எந்தப் பொருளில் செய்தால் சுலபம்?" என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று தோல்வியையும் வைத்துப் பார்த்தால் மாவின் மேல் பெரிய குற்றம் இல்லை. காயவைத்து வார்னிஷால் மூடியதில் இரண்டு, எழுதியதில் ஒன்று. பொருளை மாற்றினாலும் இந்த இரண்டும் சரியாகாவிட்டால் வேறு உருவத்தில் அதே கதைதான் நடக்கும். ஆக உங்கள் கேள்வி, பெயர் பளிச்சென்று தெரிகிற மாதிரியும் அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறந்தால் முழுசாக இருக்கிற மாதிரியும் பன்னிரண்டை எப்படிச் செய்வது என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் பதினாறு வருஷமாகக் கைவேலை வகுப்பு எடுக்கிறேன், நவம்பர் கடைசியில் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு இதுதான் பிழைப்பு. உங்களுக்கு நடந்த மூன்றும் எனக்கும் நடந்திருக்கின்றன. ஆரம்ப நாட்களில் நான் கெடுத்தவற்றையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், வகுப்பின் முதல் நாள் அதைத்தான் திறந்து காட்டுவேன். அதில் பாதிக்கு மேல் கெட்டதற்குக் காரணம் ஒன்றே: பெயரைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டது. வடிவம் வெட்டி, வண்ணம் அடித்து, மினுமினுப்பு ஒட்டி, எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கிற இடத்தில் பெயரை நுழைக்கப் பார்ப்போம். 'கிறிஸ்டோபர்' என்று எழுத ஆரம்பித்தால் 'டோ' வரும்போதே இடம் தீர்ந்துவிடும், கடைசி இரண்டு எழுத்தும் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெயரில் ஆரம்பியுங்கள். அளவு, வடிவம், பொருள் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அதாவது மாவையும் கத்தரியையும் தொடுவதற்கு முன்னால் பன்னிரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்றால் நீளமான பெயர்தான் அளவை முடிவு செய்யும். 6, 7 செ.மீ. அகலம் பெரும்பாலான பெயருக்குப் போதும். எழுத்தின் உயரம் 8 மி.மீ.க்குக் கீழே போனால் கை பழகாதவர்களுக்குக் கஷ்டம், தையலில் 1 செ.மீ.க்குக் கீழே போகவே வேண்டாம். நீளமான பெயராக இருந்தால் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைப் போடலாம், அது சின்னதாகவும் இருக்கும், வாங்குகிறவருக்கு அதுதான் பிடிக்கவும் செய்யும். எப்படி எழுதுவார்கள் என்பதை மட்டும் அவர்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை ஒரு குழந்தையின் பெயரில் 'ஷ' வர வேண்டிய இடத்தில் 'ஸ' போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மரத்தில் அது இருந்தது, பின்பக்கம் தெரியும்படி.

தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். விற்பனைக்குக் கிடைக்கும் எழுத்து அச்சுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்துகளுக்கானவை, அதனால் தமிழ்ப் பெயரைக் கையால்தான் எழுதியாக வேண்டியிருக்கும், அது நல்லதுதான். மெய்யெழுத்தின் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். ஈர மாவில் ஊசி முனையால் வைத்த புள்ளி சூட்டில் மூடிக்கொள்ளும், அப்புறம் 'ஜான்' 'ஜான' ஆகிவிடுவார். ஸ்டென்சில், அதாவது வண்ணம் அடிக்க எழுத்து வடிவத்தில் ஓட்டை போட்ட அட்டை, வெட்டுவதாக இருந்தால் சுழிகளைக் கவனியுங்கள். ட, ப, ர எல்லாம் தொந்தரவு செய்யாது. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, ம மாதிரி மூடிய வளையம் உள்ள எழுத்துகளில் வளையத்துக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்து வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அந்த இடத்தில் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு பாலம் விட்டு வெட்ட வேண்டும், வண்ணம் அடித்த பிறகு பாலம் இருந்த இடத்தைப் பிரஷ் நுனியால் நிரப்பிக்கொள்ளலாம்.

இனி மாவு. போன வருஷம் கெட்டது அதுதான் என்பதால் அங்கேயே அதிக நேரம் நிற்கப் போகிறேன். வழக்கமான அளவு மைதா 2 பங்கு, பொடி உப்பு 1 பங்கு, தண்ணீர் முக்கால் பங்கிலிருந்து 1 பங்கு வரை. தண்ணீரை இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது, மாவுக்கு மாவு உறிஞ்சும் அளவு மாறும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கையில் ஒட்டாத பதத்தில் நிறுத்துங்கள். பத்து நிமிஷம் நன்றாகப் பிசைய வேண்டும், 5 அல்லது 6 மி.மீ. கனத்தில் தேய்க்க வேண்டும். உப்பிப்போனதற்குக் காரணம் கிட்டத்தட்ட நிச்சயமாக ஓவன் சூடு. சூடு அதிகமானால் மேல்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் மாவைத் தூக்கும். பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்த மாவை வாங்கியிருந்தாலும் இதுவே நடக்கும், பாக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 100 டிகிரி செல்சியஸில் இரண்டரை மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. வேகவைப்பது என்று நினைக்காதீர்கள், ஈரத்தை மெதுவாக வெளியேற்றுகிறோம், அவ்வளவுதான்.

நமுத்துப்போனதற்குக் காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். அலங்காரத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உப்பு இருக்கிறது, அதைத் திறந்து விட்டால் வேறென்ன செய்யும். அதனால் வார்னிஷ் முன்பக்கம் மட்டும் அடித்தால் போதாது. பின்பக்கம், ஓரம், நூல் கோக்கும் துளையின் உள்சுவர் வரை ஒரு இடம் விடாமல் இரண்டு கோட்டிங் வேண்டும். இதில் பலர் தவறவிடுவது இன்னொன்று: உள்ளே முழுக்கக் காயாத மாவுக்கு வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. வெளியே கல் மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை வரும். காய்ந்ததா இல்லையா என்பதைத் தட்டிப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ சொல்வதை நான் நம்புவதில்லை. சமையல் தராசு இருந்தால் ஒரு துண்டை எடை பாருங்கள், இன்னும் அரை மணி நேரம் ஓவனில் வைத்து ஆறவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்திருந்தால் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, மறுபடி உள்ளே. எடை நின்றுவிட்டால் முடிந்தது. இந்தச் சின்ன வேலையை ஆரம்பித்த பிறகு என் பெட்டிக்குப் புதிய வரவு குறைந்துவிட்டது.

உப்பே வேண்டாம் என்று தோன்றினால் பேக்கிங் சோடா 2 பங்கு, சோள மாவு 1 பங்கு, தண்ணீர் ஒன்றே கால் பங்கு. கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவைச் சொல்கிறேன், மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவை அல்ல. குறைந்த தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கூழாகி, திடீரென்று ஒரு கட்டத்தில் திரண்டு பாத்திரத்தை விட்டு வரும். ஈரத்துணி போட்டு மூடி ஆறவிட்டுப் பிசைந்தால் வழுவழுவென்று வெள்ளையாக இருக்கும், வண்ணமே தேவையில்லை. 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கலாம், இல்லையென்றால் கம்பி வலை மேல் இரண்டு நாள் விட்டுத் திருப்பித் திருப்பிக் காயவைக்கலாம். பார்வைக்கு உப்பு மாவைவிட இது அழகு என்பது என் கட்சி. குறை என்னவென்றால் சட்டென்று உடையும். நட்சத்திர முனைகள் கீழே விழுந்தால் பிழைக்காது, அதனால் இதில் வட்டம், இதயம், மணி மாதிரி முனை இல்லாத வடிவங்களாகப் பாருங்கள்.

எந்த மாவாக இருந்தாலும் பெயரை மேலே எழுதாதீர்கள், உள்ளே அழுத்துங்கள். அழுத்தின எழுத்து கரையாது, அழியாது. தேய்த்த மாவின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, பாத்திரம் மூடுவோமே அந்த மாதிரித் தாளை, சுருக்கமில்லாமல் விரித்து, அதன் மேல் மொண்ணையான பின்னல் ஊசியாலோ மை தீர்ந்த பேனாவாலோ எழுதுங்கள். நேரடியாக மாவில் எழுதினால் இரண்டு பக்கமும் பிசிறு எழும்பும், தாள் மேல் எழுதினால் பள்ளம் வழுவழுப்பாக விழும். எழுதிய பிறகு வடிவத்தை வெட்டுங்கள், வெட்டிய பிறகு எழுதாதீர்கள், பெயரை நடுவில் கொண்டுவர அதுதான் வழி. காய்ந்ததும் பள்ளத்துக்குள் அடர்நிற அக்ரிலிக் பெயிண்டைத் தேய்த்து, மேலே இருப்பதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். எழுத்தில் மட்டும் வண்ணம் தங்கும். முதல்முறை செய்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு சத்தம் போடுவார்கள், அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும்.

மார்க்கர் ஓடியதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். அழியாத மார்க்கர் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை தண்ணீருக்குத்தான் அழியாதவை. அதன் சாயம் ஆல்கஹால் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கிறது, அதே மாதிரிக் கரைப்பான் உள்ள ஸ்ப்ரே வார்னிஷ் மேலே பட்டதும் மறுபடி கரைகிறது. எழுதியே தீர வேண்டும் என்றால் அக்ரிலிக் பெயிண்ட் மார்க்கர் வாங்குங்கள், எழுதி ஒரு நாள் முழுக்க விடுங்கள், பிறகு தண்ணீர் வகை வார்னிஷை மெல்லியதாகப் பூசுங்கள், ஒரே இடத்தில் பிரஷை முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். அதற்கு முன் உடைந்த ஒரு துண்டில் எழுதிச் சோதித்துப் பாருங்கள். எந்த மார்க்கருக்கு எந்த வார்னிஷ் ஒத்துப்போகும் என்று பொதுவாகச் சொல்லி யாரும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தரமாட்டேன்.

ஓவன் இல்லை, அல்லது மாவே அலுத்துவிட்டது என்றால் நான் முதலில் கைகாட்டுவது ஃபெல்ட் துணி. நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி என்பதால் வெட்டின ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கிற வேலை இல்லை. ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, முன்துண்டில் மட்டும் முதலில் பெயரைத் தைத்துவிடுங்கள், அப்புறம் பின்துண்டோடு சேர்த்தால் முடிச்சும் நூல் குழப்பமும் உள்ளே மறைந்துவிடும். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டு மட்டும் பிரித்து எடுங்கள். ஊசியை ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் போதும், ஒவ்வொரு தையலும் 2 அல்லது 3 மி.மீ., சுழிகள் வரும் இடத்தில் இன்னும் சின்னதாக. ஃபெல்ட் மேல் பென்சில் பிடிக்காது என்பதால் பெயரை மெல்லிய டிஷ்யூ தாளில் எழுதி, துணி மேல் ஊசி குத்தி நிறுத்தி, தாளோடு சேர்த்தே தைத்துவிட்டுக் கடைசியில் தாளைக் கிழித்து எடுங்கள். பென்சிலில் எழுதினால் கரி வெளிர்நிற நூலில் ஒட்டும், பேனாவே நல்லது. செயற்கை ஃபெல்ட்டுக்கு மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், உருகும்.

இந்த டிஷ்யூ தாள் வித்தையால் இன்னொன்றும் செய்யலாம். யாருடைய பழைய கடிதமோ வாழ்த்து அட்டையோ இருந்தால் அந்தக் கையெழுத்தையே தாளில் நகலெடுத்து அப்படியே தைக்கலாம். என் மாணவி ஒருவர், இறந்துபோன தன் அப்பா பள்ளி நோட்டு அட்டையில் மகளின் பெயரை எழுதிக் கொடுத்திருந்ததை அப்படித் தைத்தார். தையல் கோணலாகத்தான் இருந்தது, அப்பாவின் எழுத்தும் கோணல்தான், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெயர் போட்டால்தான் ஒருவருக்கு உரியதாகும் என்றுகூட இல்லை. குழந்தை வளர்ந்துவிட்டதால் போட முடியாத ஒரு சட்டையின் துணியில் செய்த சின்ன நட்சத்திரத்துக்குப் பெயரே தேவைப்படாது.

தாள் அலங்காரத்தை மட்டமாக நினைக்காதீர்கள். 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் எழுதிவைத்த ஒரு குறிப்பில் வீட்டுக்குள் வைத்த மரங்களில் ஆப்பிள்களும் பல வண்ணத் தாளில் செய்த ரோஜாக்களும் தொங்கவிடப்பட்டதாக இருக்கிறது. இன்று நாம் மாட்டும் கண்ணாடி உருண்டைகள் ஜெர்மனியின் லௌஷா ஊரிலிருந்து வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆப்பிள் வாங்கக் காசில்லாத ஓர் ஏழைக் கண்ணாடித் தொழிலாளி அதற்குப் பதிலாக ஊதிச் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை அழகாக இருக்கிறது, கதையாகவே வைத்துக்கொள்வோம். தாளில் கற்றுக்கொள்ள நல்லது நான்கு பட்டைகளைப் பின்னி மடிக்கும் ஃப்ரோபெல் நட்சத்திரம். மழலையர் பள்ளிகளுக்கு வித்திட்ட ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெலின் பெயரைத் தாங்கியது, முதலில் மடித்தது அவர்தானா என்பது வேறு பேச்சு. பட்டையின் அகலத்தைப் போல 25 முதல் 30 மடங்கு நீளம் வேண்டும், ஏ4 தாளை நீளவாக்கில் 1 செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் கணக்குச் சரியாக வரும். முதல் நட்சத்திரம் ஒரு மணி நேரம் பிடிக்கும், ஐந்தாவது பத்து நிமிஷத்தில் முடியும். பெயரை நட்சத்திரத்தில் எழுத இடம் கிடைக்காது, ரிப்பனில் சின்ன அட்டை கோத்து எழுதுங்கள். ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று 25 கூர்முனைகளோடு ஒன்று பார்த்திருப்பீர்கள், மொராவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபையின் பள்ளி ஒன்றில் வடிவியல் பயிற்சியாகத் தொடங்கியது. அதை உங்கள் வீட்டுக்கு ஒன்று செய்யுங்கள், பன்னிரண்டு பேருக்குச் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

மர வட்டுகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பச்சை மரக்கிளையை அறுத்து உடனே செய்யாதீர்கள், வெடிக்கும். மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுருங்குவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அந்த இழுப்பில்தான் வட்டில் கீறல் விழுகிறது. மூன்று வாரம்தான் இருக்கிறது என்பதால் ஏற்கனவே காய்ந்ததை வாங்குங்கள். குறுக்கே அறுத்த மரத்தின் முகத்தில் நுண்குழாய்கள் திறந்திருப்பதால் மை பரவி எழுத்து மீசை முளைத்த மாதிரி ஆகும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து ஒருமுறை பூசிக் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகு எழுதினால் கோடு நிற்கும்.

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் உருண்டையில் எழுதுவதானால் முதலில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு விரல் படாமல் பிடியுங்கள், விரலின் எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. நடுவில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் கோடு கிடைக்கும், ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்தால் உருளாது. ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்ணான பாலிமர் களிமண்ணும் நல்ல பொருள்தான், ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டை மீறக் கூடாது. அது பிவிசி, கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சுப் புகை வரும். ஓவன் முகப்பில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை, தனி வெப்பமானி வைத்துப் பார்க்காமல் இதைத் தொடாதீர்கள். எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றிச் செய்பவை பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, என் வகுப்பில் அதை எடுப்பதே கிடையாது, அதில் பழகியவர் யாராவது சொல்லட்டும்.

மாட்டுவதைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறோம், அங்கேதான் பல அலங்காரங்கள் கோட்டைவிடுகின்றன. மாவில் துளையை ஸ்ட்ராவால் ஓவனுக்கு முன்பே போட்டுவிடுங்கள், ஓரத்திலிருந்து குறைந்தது 8 மி.மீ. உள்ளே. ஒற்றைத் துளையில் மெல்லிய நூல் கோத்தால் தட்டையான எதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும், பாதி நேரம் முதுகுதான் தெரியும். 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, ரிப்பனை ஒன்றில் நுழைத்து மற்றதில் எடுத்தால் அவ்வளவாகத் திரும்பாது. எப்படியும் திரும்பும் என்ற நினைப்போடு பின்பக்கத்தில் வருஷத்தையும் உங்கள் முதலெழுத்தையும் போட்டுவிடுங்கள். 7 செ.மீ. வட்டம், 5 மி.மீ. கனம் என்றால் மாவில் 25 கிராம் அளவுக்கு வரும், அது கிளை நுனிக்குச் சுமைதான், தண்டுக்கு அருகில் மாட்டச் சொல்லுங்கள்.

பரிசாகக் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தை வாயால் சொல்லிக் கொடுங்கள். நாய் இருக்கும் வீட்டுக்கு உப்பு மாவு அலங்காரம் வேண்டாம், கொடுக்காமல் இருப்பதே நல்லது. மாவு வாசனைக்குக் கடித்துத் தின்றால் உடம்பில் உப்பு ஏறி வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. தின்றுவிட்டால் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். சின்ன விளக்கு வைத்துச் செய்வதானால் பட்டன் பேட்டரி அறை திருகாணி போட்டு மூடுவதாக இருக்கட்டும். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நான் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு விளக்கு வைத்த எதையும் கொடுப்பதில்லை.

மூன்று வாரத்தை எப்படிப் பிரிப்பது என்றால், நானாக இருந்தால் பன்னிரண்டையும் ஒரே பொருளில் செய்வேன். ஆளுக்கொரு வகை என்று ஆரம்பித்தால் ஒவ்வொன்றிலும் முதல் தவறைச் செய்துகொண்டிருப்போம், கை பழகவே பழகாது. பதினைந்து செய்யுங்கள், மூன்று எப்படியும் போகும். முதல் வாரம் பெயர், அளவு, சோதனைத் துண்டு. இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழுத்தி, வெட்டி, காயவைத்து, எடை பார்த்து முடித்துவிடுங்கள். மூன்றாவது வாரம் வண்ணம், வார்னிஷ், ரிப்பன். கொடுப்பதற்கு முதல் நாள் இரவு வார்னிஷ் அடித்து டிஷ்யூவில் சுற்றினால் டிஷ்யூ அதோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் கடைசிக் கோட்டிங்குக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் மூன்று நாளாவது விடுங்கள்.

அப்புறம், கேள்வியின் கடைசி வரியில் போன வருஷத்து நமுத்த நட்சத்திரங்களைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வார்னிஷ் அடிக்காததாக இருந்து, கரும்புள்ளியோ பூஞ்சை வாடையோ இல்லாமல் வெறுமனே மெத்தென்று ஆகியிருந்தால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடை பாருங்கள், பெரும்பாலும் மீளும். ஆறினதும் அன்றைக்கே எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். வார்னிஷ் அடித்ததை ஓவனில் வைக்காதீர்கள், அது போனது போனதுதான். தூக்கி எறியும்போது மட்டும் மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடுங்கள், தெரு நாய் வாய் வைக்காமல் இருக்கட்டும்.